முழு மயக்கமா, முதுகு ஊசியா: நடுவில் விழித்துக்கொள்வோமோ என்று அஞ்சுகிறவர்களுக்கு

கணுக்காலுக்கு மேலே பொருத்தியிருந்த உலோகத் தகட்டை எடுத்துவிடலாம் என்று எலும்பு மருத்துவர் சொன்னபோது, அறுவையைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. கவலையெல்லாம் மயக்கத்தைப் பற்றித்தான். பாதியில் நினைவு திரும்பி, நடப்பதெல்லாம் தெரிந்தும், விரலை அசைக்கவோ குரல் கொடுக்கவோ முடியாமல் கிடந்துவிடுவேனோ என்ற அச்சம். இந்த அச்சம் உள்ளவர்கள் பெரும்பாலும் முதுகு ஊசியின் பக்கம் போகிறார்கள். நான் அதே அச்சத்தால்தான் முழு மயக்கத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஏன் என்று விளக்கமாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. தெரிந்தவர்கள் பலர் இந்தக் கேள்வியைத் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள், மருத்துவரிடம் மட்டும் கேட்பதில்லை.

என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, முழு மயக்கம். இரண்டாவது, முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்துவிட்டு, முழு விழிப்போடு படுத்திருப்பது. மூன்றாவது, அதே முதுகு ஊசியோடு, இரத்தக் குழாய் வழியாக லேசான தூக்க மருந்தும் ஏற்றிக்கொள்வது.

எல்லோருக்கும் தெரிந்த நிறை குறைகளை விரைவாகக் கடந்துவிடுகிறேன். முழு மயக்கத்துக்குப் பிறகு சிலருக்குக் குமட்டும், தொண்டை ஒரு நாள் கரகரக்கும். முதுகு ஊசியில் அந்தத் தொல்லைகள் குறைவு, முதல் சில மணி நேரம் வலியும் தெரியாது. பதிலுக்குக் கால்கள் வெகுநேரம் கனத்துக் கிடக்கும், சிறுநீர் கழிக்கச் சிரமப்படலாம், சிலருக்குத் தலைவலி வரும். என் வயதுக்கும் உடல்நிலைக்கும் இவை எதுவும் தராசைச் சாய்க்கவில்லை.

தராசைச் சாய்த்தது மயக்க மருத்துவர் கேட்ட ஒரு கேள்வி. அறுவைக்கு முந்தைய ஆலோசனையில், "நடுவில் விழித்துவிட்டால் என்ன ஆகும், டாக்டர்?" என்றேன். அவர் கோப்பை மூடி வைத்துவிட்டு, "விழிப்பதற்குப் பயப்படுகிறீர்களா, விழித்தும் சொல்ல முடியாமல் போவதற்குப் பயப்படுகிறீர்களா?" என்று கேட்டார். இரண்டாவதுதான் என்றேன். "அப்படியானால் நீங்கள் கேட்க வேண்டியது தசைத் தளர்த்தி மருந்தைப் பற்றி" என்றார்.

முழு மயக்கம் என்று நாம் மொத்தமாகச் சொல்வதற்குள் பல வேலைகள் அடங்கியிருக்கின்றன. நினைவை அகற்ற ஒரு மருந்து. புரோபோஃபால் ஊசியோ செவோஃப்ளூரேன் போன்ற வாயுவோ அதைச் செய்யும். வலியை அடக்க வேறு மருந்து. இவற்றோடு, தேவைப்பட்டால் மட்டும், தசைகளைத் தளர்த்த இன்னொரு மருந்து. இந்தத் தசைத் தளர்த்தி நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் வேலை செய்கிறது. மூளையைத் தொடுவதே இல்லை. வயிற்றையோ மார்பையோ திறக்கும்போதும், மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்தும்போதும் இது பெரும்பாலும் தேவைப்படும். நினைவு மருந்து குறைந்துபோய், தசைத் தளர்த்தி மட்டும் முழு வீச்சில் இருந்தால்தான் நான் அஞ்சிய அந்த நிலை வரும்.

கனடாவின் மான்ட்ரியலில் ஹரோல்ட் கிரிஃபித் என்ற மயக்க மருத்துவர் குராரே என்ற தசைத் தளர்த்தியை மயக்கத்தோடு சேர்த்துக் கொடுத்தது 1942 ஜனவரியில். அதற்கு முன்பு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு காலம் ஈதர், குளோரோஃபார்ம் போன்ற மயக்க மருந்துகள் மட்டும்தான். அப்போது மயக்கம் லேசானால் நோயாளி நெளிவார், முனகுவார், கையை இழுப்பார், பார்த்தவுடன் தெரிந்துவிடும். தசைத் தளர்த்தி வந்த பிறகு எத்தனையோ பெரிய அறுவைகள் பாதுகாப்பாகின. கூடவே, அசையாமல் கிடப்பவர் நினைவிழந்துதான் கிடக்கிறார் என்ற உறுதி போய்விட்டது.

தகடு எடுக்கும் அறுவைக்குத் தசைத் தளர்த்தி அவசியமில்லை என்றார் மருத்துவர். மூச்சுக்குழாய்க்குள் குழாய் வைக்காமல், குரல்வளைக்கு மேலே அமரும் மென்மையான முகமூடி போன்ற ஒன்றை வைத்தால் போதும். மூச்சை நானே இழுத்துக்கொண்டிருப்பேன். மயக்கம் லேசானால் என் உடல் அசையும், மூச்சு வேகமெடுக்கும். அவர் எழுந்துவந்து மருந்தைக் கூட்டுவார்.

"உடல் அசைவதற்குள் எனக்கு நினைவு வந்திருக்குமே?" என்று விடாமல் கேட்டேன். அதற்கு அவர் சொன்னதுதான் என்னை உண்மையில் நிம்மதியாக்கியது. மயக்க வாயுவின் வீரியத்தை அளக்க ஓர் அலகு உண்டு: தோலைக் கீறும்போது நூற்றில் ஐம்பது பேர் அசையாமல் இருக்கத் தேவைப்படும் செறிவு. நினைவை அகற்றுவதற்கு அந்த அளவில் சுமார் மூன்றில் ஒரு பங்கே போதும். ஆக, வாயு குறைந்துகொண்டே வந்தால் முதலில் அசைவது உடல். நினைவு மேலெழுவது அதற்கு வெகு பின்னால். கூடவே கொடுக்கும் வலி நிவாரணிகள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. என்றாலும் இடைவெளி இடைவெளிதான். தசைத் தளர்த்தி கொடுக்கும்போது நாம் இழப்பது இந்த முன்னெச்சரிக்கையைத்தான்.

பிறகு புள்ளிவிவரங்களைத் தேடிப் படித்தேன். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடத்திய ஐந்தாவது தேசியத் தணிக்கைத் திட்டத்தின் அறிக்கை 2014-இல் வெளியானது. மயக்கத்தில் விழிப்பு ஏற்பட்டதாகத் தாங்களாகவே வந்து சொன்னவர்கள் சுமார் 19,000 முழு மயக்கங்களுக்கு ஒருவர். அதைப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்குகிறது: தசைத் தளர்த்தி கொடுத்தவர்களில் சுமார் 8,000-க்கு ஒருவர், கொடுக்காதவர்களில் சுமார் 1,36,000-க்கு ஒருவர்.

இந்த எண்களை அப்படியே நம்பி உட்கார்ந்துவிடவும் கூடாது. எல்லோரும் வந்து சொல்வதில்லை. நோயாளிகளை உட்கார வைத்து, "தூங்குவதற்கு முன் கடைசியாக நினைவிருப்பது என்ன? விழித்ததும் முதலில் நினைவிருப்பது என்ன? நடுவில் ஏதாவது நினைவிருக்கிறதா? கனவு கண்டீர்களா?" என்று முறையாகக் கேட்டால் ஆயிரத்துக்கு ஒருவர் இருவர் என்ற அளவில் விடை வருகிறது. பிரைஸும் அவருடைய சகாக்களும் 1970-இல் வகுத்த கேள்விகள் அவை. ஸ்வீடனில் சுமார் 11,800 பேரிடம் இப்படிப் பலமுறை கேட்டு 2000-இல் வெளியிட்ட ஆய்வில், தசைத் தளர்த்தி பெற்றவர்களில் 0.18 சதவீதத்தினர், பெறாதவர்களில் 0.10 சதவீதத்தினர் விழிப்பு இருந்ததாகச் சொன்னார்கள். இங்கே வேறுபாடு அவ்வளவு பெரிதில்லை. ஆனால் தசைத் தளர்த்தி இல்லாமல் விழித்த அந்தச் சிலர் அப்போது பதறவும் இல்லை, பிறகு மனத்தளவில் அவதிப்படவும் இல்லை. அவதிப்பட்டவர்கள் மற்றவர்கள். பிரிட்டன் அறிக்கையும் இதையே சொல்கிறது: வலியைக் காட்டிலும், அசைய முடியவில்லையே என்ற உணர்வுதான் மனத்தை அதிகம் குலைத்திருக்கிறது. என் அச்சம் எதன் மேல் என்று மருத்துவர் கேட்டது எவ்வளவு சரியான கேள்வி!

இனி மூன்றாவது வழி, அதாவது முதுகு ஊசியோடு தூக்க மருந்து. என் அண்ணன் முழங்கால் அறுவைக்கு இதைத்தான் எடுத்துக்கொண்டார். "தூங்க வைத்துவிடுவோம்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நடுவில் சுத்தியல் சத்தம் கேட்டிருக்கிறது. மேசை அதிர்வதும், யாரோ தேதி சொல்லி விடுப்பு கேட்பதும் காதில் விழுந்திருக்கிறது. வலி துளியும் இல்லை. ஆனால் மயக்கம் தெளிந்துவிட்டது, இனி வலிக்கப்போகிறது என்று எண்ணி உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்திருக்கிறார். மருத்துவப்படி எந்தத் தவறும் நடக்கவில்லை. லேசான தூக்க மருந்தில் அரைகுறையாகக் காதில் விழுவது இயல்பு. அதை அவரிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அவ்வளவுதான். இன்றும் அந்தப் பேச்சை எடுத்தால் அவருடைய முகம் மாறும்.

இது அவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்தது அல்ல. அதே பிரிட்டன் தணிக்கையில் வந்த புகார்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று, முழு மயக்கமே கொடுக்காமல் தூக்க மருந்து மட்டும் கொடுத்தவர்களிடமிருந்து வந்தது. நினைவே இருக்காது என்று நம்பிப் போனவர்கள் அவர்கள். விழிப்புக்கு அஞ்சுகிறவர்கள் பாதுகாப்பு என்று நினைத்து ஒதுங்கும் இடம் இது. அச்சம் பலிப்பதற்கு அங்கேதான் வாய்ப்பு அதிகம் என்று எனக்குப் படுகிறது. இந்த வழியை எடுப்பதானால், "பேச்சு காதில் விழும், விழலாம்" என்பதை மருத்துவர் வாயாலேயே முன்னதாகக் கேட்டுவிட வேண்டும்.

இரண்டாவது வழியான முழு விழிப்பு இதைவிட நேர்மையானது. எதுவும் மறைந்து நடக்காது, ஏதாவது உறுத்தினால் வாய் திறந்து சொல்லலாம். நான் அதை அனுபவித்ததில்லை, ஆகவே தூரத்திலிருந்துதான் சொல்கிறேன். எலும்பிலிருந்து திருகாணிகளைக் கழற்றும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. அது இல்லாவிட்டால் இதைத்தான் தேர்ந்திருப்பேன். சத்தம் பொருட்டில்லை என்பவர்களுக்கு என் பரிந்துரையில் இதுவும் முழு மயக்கத்துக்கு இணையாகவே நிற்கிறது.

கனவைப் பற்றியும் பலருக்கு ஒரு கலக்கம் இருக்கிறது. மயக்கத்தில் கனவு வந்தால் மயக்கம் போதவில்லை என்று பொருளா, கனவில் ஏதாவது உளறிவிடுவோமா என்றெல்லாம். மெல்பர்னில் கேட் லெஸ்லியும் குழுவினரும் 300 பேரிடம் விழித்தவுடன் கேட்டு 2007-இல் வெளியிட்ட ஆய்வில் 22 சதவீதத்தினர் கனவு கண்டதாகச் சொன்னார்கள். இளையவர்களும், வீட்டில் வழக்கமாகக் கனவை நினைவில் வைத்திருப்பவர்களும் அவர்களில் அதிகம். கனவுகள் அன்றாட வாழ்க்கையைப் பற்றிய சாதாரணக் கனவுகள்; பெரும்பாலானவற்றுக்கு மயக்கம் குறைந்துபோனதோடு தொடர்பு தெரியவில்லை. மருந்து நின்று மூளை மெல்லத் தெளியும் நேரத்தில் அவை வருகின்றன என்பதே பொருத்தமான விளக்கமாக இருக்கிறது. கெட்டமின் என்ற மயக்க மருந்து மட்டும் இதற்கு விலக்கு. அது தரும் கனவுகள் சிலருக்கு மிகவும் விசித்திரமாக இருக்கும்.

எனக்கும் கனவு வந்தது. மருந்து கையில் ஏறும்போது முழங்கை வரை சுருக்கென்று எரிந்தது. புரோபோஃபால் பலருக்கும் அப்படி எரியும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். கூரை விளக்கின் சட்டத்தில் ஒரு திருகாணி இல்லாததைக் கவனித்தேன். அடுத்தது ஒரு தேர்வுக் கூடம். கண்காணிப்பாளர் பெயர்களை வாசித்துக்கொண்டே வருகிறார், என் பெயரை மட்டும் திரும்பத் திரும்ப வாசிக்கிறார், எனக்கு எழுந்து நிற்க வரவில்லை. கண் திறந்தால், தெளிவு அறையில் செவிலியர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நடுவே கழிந்த நேரத்தில் ஒரு நொடிகூட என்னிடம் இல்லை. அவருடைய குரல்தான் கனவுக்குள் நுழைந்திருக்க வேண்டும் என்று நான் ஊகிக்கிறேன். உறுதியாகச் சொல்ல வழியில்லை.

என் தேர்வு எல்லோருக்கும் பொருந்தாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். சிசேரியன் பிரசவத்தில் கணக்கு தலைகீழ்: பிரிட்டன் தணிக்கையில் முழு மயக்கத்தோடு நடந்த சிசேரியன்களில் சுமார் 670-க்கு ஒருவர் விழிப்பைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அங்கே முதுகு ஊசியே மேல், வேறு காரணங்களும் அதற்கு உண்டு. வயிறு, மார்பு அறுவைகளில் தசைத் தளர்த்தியைத் தவிர்க்கவும் முடியாது. என் அறுவையிலேயேகூட, தொண்டைத் தசை இறுகி மூச்சு தடைபட்டால் அவசரமாக அதைக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று மருத்துவர் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்.

தசைத் தளர்த்தி தவிர்க்க முடியாதவர்கள் கேட்க வேண்டியவை வேறு. வாயு மயக்கம் என்றால், வெளிமூச்சில் வாயுவின் அளவு குறைந்தால் எச்சரிக்கை மணி அடிக்குமாறு வைத்திருப்பார்களா? 2011-இல் வெளியான, ஆறாயிரம் பேருக்கு மேல் பங்கேற்ற ஆய்வில், நெற்றியில் ஒட்டி மூளை அலையைப் பார்க்கும் கருவி இந்த மணியைவிட மேலானது என்று நிறுவ முடியவில்லை. ஊசி மருந்திலேயே முழு மயக்கமும் என்றால் வெளிமூச்சில் அளக்க எதுவும் இல்லை. அங்கே மூளை அலைக் கருவிக்கு மதிப்பு கூடுகிறது, மருந்து ஏறும் கை போர்வைக்குள் மறையாமல் கண்ணில் படும்படி இருப்பதும் முக்கியம். முடிவில் எழுப்புவதற்கு முன், தசை வலிமை திரும்பிவிட்டதா என்று நரம்பைத் தூண்டிப் பார்ப்பார்களா என்பதையும் கேளுங்கள். பதிவான விழிப்புகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு, மயக்கம் தொடங்கும்போதோ தெளியும்போதோ நேர்ந்தவை. அதனால்தான் இந்தக் கேள்வி.

அப்படியும் ஏதாவது நினைவிருந்தால் அதை விழுங்கிக்கொள்ள வேண்டாம். ஸ்வீடன் ஆய்வில் பலருக்கு நினைவு வந்தது முதல் நாளில் அல்ல, சில நாள் கழித்துத்தான். வீடு திரும்பிய பிறகு தோன்றினாலும் அதே மயக்க மருத்துவரை அழைத்துச் சொல்லலாம். அவரிடம் நிமிட வாரியாக மருந்துப் பதிவு இருக்கும். எந்த நேரத்தில் என்ன நடந்தது என்று அதை வைத்து உங்களுக்கு விளக்க முடியும்.