தொங்கும் செடிகளுக்கு நார்க் கூடையா, பிளாஸ்டிக் தொட்டியா?

தொங்கும் செடிகளை வளர்க்க விரும்புகிறவர் முதலில் செடியைத் தேர்ந்தெடுக்கிறார். அது எதில் தொங்கப் போகிறது என்பதைப் பிறகுதான் யோசிக்கிறார். நானும் அப்படித்தான் தொடங்கினேன். வெயிலும் வறட்சியும் மிகுந்த ஓர் ஊரில் ஆறு ஆண்டுகள், அதன்பின் காற்றில் எப்போதும் ஈரம் நிற்கும் ஒரு கடலோர ஊரில் நான்கு ஆண்டுகள் என இரண்டு வகையையும் அருகருகே தொங்கவிட்டு வளர்த்துப் பார்த்த பிறகு, கம்பிச் சட்டத்தில் தென்னை நார் விரித்த கூடைகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, அடியில் துளையுள்ள சாதாரண பிளாஸ்டிக் தொட்டிகளுக்கு மாறிவிட்டேன். இந்த மாற்றத்துக்கு அழகு காரணமல்ல.

தோற்றத்தில் நார்க் கூடைக்கே முதலிடம். அதன் பக்கச் சுவரிலும் சிறு துளையிட்டு நாற்றுகளை நுழைத்து நட்டால், சில வாரங்களில் கூடையே தெரியாதபடி பூக்கள் உருண்டையாகச் சூழ்ந்துகொள்ளும். பிளாஸ்டிக் தொட்டியில் இதற்கு வழியில்லை. ஆயுளைப் பொறுத்தவரை இரண்டிலும் குறை உண்டு. நார் விரிப்பு ஓரிரு ஆண்டுகளில் மக்கி இளகும்; கூடு கட்டும் பறவைகளும் அதைப் பிய்த்துச் செல்லும். பிளாஸ்டிக்கோ வெயிலின் புற ஊதாக் கதிர்களால் நொறுங்கும் தன்மையை அடையும். கொக்கி மாட்டும் காதுதான் பெரும்பாலும் முதலில் உடையும். எடை இரண்டுக்கும் பொதுவான கவலை. 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள அரைக்கோளத்தில் சுமார் 7 லிட்டர் மண்கலவை கொள்ளும். நீர் ஊற்றிய பின் செடியோடு சேர்த்து 8 அல்லது 9 கிலோ வரை கனக்கலாம் என்று கொண்டு, அதைப்போல் இரு மடங்கு தாங்கும் கொக்கியைப் பொருத்துவது நல்லது.

என் முடிவைத் தீர்மானித்தது நீர். அரைக்கோளத்தின் வளைந்த பரப்பு, அதன் வாய்ப் பரப்பைப்போல் சரியாக இரு மடங்கு. பிளாஸ்டிக் தொட்டியில் மண்ணின் ஈரம் வாய் வழியாக மட்டுமே ஆவியாகிறது. நார்க் கூடையில் வாய் வழியாகவும் சுற்றுச்சுவர் முழுவதிலிருந்தும் ஆவியாகிறது. ஆகவே ஒரே அளவுள்ள இரண்டில், நார்க் கூடை மும்மடங்குப் பரப்பைக் காற்றுக்குத் திறந்து வைத்திருக்கிறது. தரையில் வைத்த தொட்டிக்கு அடிப்புறமாவது மறைவாக இருக்கும். அந்தரத்தில் தொங்குவதற்கு அந்த மறைவும் இல்லை. இதனுடன் வெப்பநிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத்தான் கொள்ளும். 40 டிகிரியில் அதே காற்று சுமார் 51 கிராம் கொள்ளும். வறண்ட கோடையில் காற்றின் தாகமும் மும்மடங்காகிறது, நார்க் கூடை அதற்குக் காட்டும் பரப்பும் மும்மடங்காக இருக்கிறது.

வறண்ட ஊரில் இதை நான் கணக்காக அல்லாமல் வேலையாக அனுபவித்தேன். காலையில் அடியில் சொட்டும்வரை நீர் ஊற்றிய நார்க் கூடையில், பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் பெட்டூனியா தலை தொங்கி நிற்கும். மாலையில் மீண்டும் ஊற்ற வேண்டும். அதே கலவையும் அதே செடியும் கொண்ட பிளாஸ்டிக் தொட்டி அடுத்த நாள் காலைவரை பொறுத்துக்கொண்டது. இரண்டு நாள் வெளியூர் சென்று திரும்பினால் நார்க் கூடைகளில் பாதி கருகியிருக்கும். அதைவிட மோசமானது, முற்றிலும் காய்ந்த கலவை சுருங்கி ஓரத்திலிருந்து விலகிவிடுவது. அப்போது மேலே ஊற்றும் நீர் அந்த இடுக்கு வழியாக நேரே கீழே ஓடிவிடும். அடியில் சொட்டுகிறதே, செடி குடித்துவிட்டது என்று பல நாள் நம்பியிருக்கிறேன். உள்ளே வேரைச் சுற்றிய கலவை உலர்ந்தே கிடந்தது. கூடையை இறக்கி, நீர் நிரப்பிய வாளியில் குமிழிகள் நிற்கும்வரை, ஏறக்குறைய அரை மணி நேரம் அமிழ்த்தி வைப்பதுதான் இதற்குப் பயன் தந்த மருந்து. பீட் பாசி (சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி) சேர்ந்த கலவை ஒருமுறை காய்ந்தால் நீரையே தள்ளும். தென்னை நார்க்கழிவுக் கலவை அந்த அளவுக்கு அடம் பிடிப்பதில்லை.

நீரோடு சத்தும் போகிறது என்பது பலர் கவனிக்காத இரண்டாம் இழப்பு. நாளுக்கு இருமுறை சொட்டச் சொட்ட ஊற்றும்போது, கரையும் நைட்ரஜனும் பொட்டாசியமும் அடித்துளை வழியாக வெளியேறுகின்றன. இலை வெளுத்ததைக் கண்டு நோய் என்று நினைத்து மருந்து தெளித்தவர்களை நான் அறிவேன். குறை உணவில்தான் இருந்தது. மெதுவாகக் கரையும் உரக் குருணையை நடும்போதே கலந்துவிட்டு, பூக்கும் பருவத்தில் இரு வாரங்களுக்கு ஒருமுறை பாதி அடர்த்தியில் நீர் உரம் கொடுத்தால் போதும்.

வறண்ட இடத்திலும் நார்க் கூடைதான் வேண்டும் என்பவர் அளவில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது. 25 சென்டிமீட்டர் கூடையில் சுமார் 4 லிட்டர் கலவைதான் கொள்ளும். 40 சென்டிமீட்டர் கூடையில் ஏறக்குறைய 17 லிட்டர் கொள்ளும். கலவை நான்கு மடங்கைத் தாண்டிப் பெருகும்போது, காற்றில் படும் பரப்பு இரண்டரை மடங்குதான் பெருகுகிறது. சின்னஞ்சிறு கூடைகளை வரிசையாக மாட்டுவதைவிடப் பெரிய கூடை ஒன்று மேல்.

பிளாஸ்டிக்குக்கு எதிரான வலுவான வாதம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மண்பானை நீரைக் குளிர்விப்பதுபோல, நார்க் கூடையின் பக்கங்களில் நிகழும் ஆவியாதல் வேரையும் குளிர்விக்கிறது. பிளாஸ்டிக் தொட்டிக்கு அந்த வசதி இல்லை. கருநிறத் தொட்டி மேற்கு வெயிலில் தொங்கினால் வெயில் படும் பக்கத்து வேர்கள் வெந்துவிடும். வெளிர்நிறத் தொட்டியை வாங்கி, காலை வெயில் மட்டும் படும் கிழக்குப் பக்கத்தில் மாட்டியதும் எனக்கு இந்தச் சிக்கல் தீர்ந்தது. முழு வெயிலைத் தவிர்க்கவே முடியாத இடத்துக்குச் செடியைத்தான் மாற்ற வேண்டும். டேபிள் ரோஸ், நீர் குறையும்போது இரவிலும் கரியமில வாயுவை உள்வாங்கிச் சமாளிக்கும் ஆற்றல் உடையது. தென்னாப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட, படர்ந்து தொங்கும் பெலார்கோனியமும் வறட்சியை நன்றாகத் தாங்கும்.

ஈரமான கடலோரத்துக்கு வந்தபோது என் கணக்கு ஓரளவு தலைகீழானது. அங்கே ஆவியாதல் மெதுவாகத்தான் நடக்கிறது. மழை தொடர்ந்து பெய்யும் வாரங்களில், வறண்ட ஊரில் என் செடிகளைக் காத்த அதே பிளாஸ்டிக் சுவர், நீரைத் தேக்கி வேரை அழுகச் செய்தது. வேருக்குக் காற்று வேண்டும் என்ற பாடத்தை அங்குதான் கற்றேன். மரங்களின் மீது தொற்றி வாழும் இயல்புடைய ஹோயா, மான்கொம்புப் பெரணி போன்றவை நார்க் கூடையில் தெளிவாகவே நன்றாக வளர்ந்தன. வாண்டா ஆர்க்கிட்டுக்கு நார்கூடத் தேவையில்லை. இடைவெளி விட்ட மரச்சட்டத்தில் வேர்கள் வெறுங்காற்றில் தொங்குவதே அதற்கு ஏற்றது. இருந்தாலும் மணி பிளான்ட், ஸ்பைடர் பிளான்ட், பாஸ்டன் பெரணி ஆகியவற்றை அங்கேயும் பிளாஸ்டிக்கில்தான் வைத்திருக்கிறேன்: துளைகளைக் கூடுதலாக இட்டு, கலவையில் மூன்றில் ஒரு பங்கு பெர்லைட் (சூட்டில் பொரித்த, எடை குறைந்த எரிமலைக் கல் துகள்) சேர்த்து, தொட்டியோடு வரும் அடித்தட்டைக் கழற்றிவிட்டேன். அந்தத் தட்டில் தேங்கும் நீரில் கொசு முட்டையிட்டால், வெப்பமான காலநிலையில் ஒரு வாரம், பத்து நாளுக்குள் புதிய கொசுக்கள் பறந்துவிடும். தட்டு கட்டாயம் வேண்டும் என்பவர் வாரம் ஒருமுறையாவது அதைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

குளிர்நாட்டில் நான் ஒரே ஒரு கோடைக்காலம் மட்டுமே செடி வளர்த்திருக்கிறேன். ஆகவே இப்பகுதிக்கு மற்றவற்றுக்குரிய எடையைத் தர வேண்டாம். மிதமான அந்தக் கோடையில் இரண்டு வகைகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு தெரியவில்லை. வெப்பத்தில் வாடும் பியூசியா நார்க் கூடையில் மிகச் செழிப்பாகப் பூத்தது. குளிர்காலத்தில் சிக்கல் வேறு வகையானது. தரையிலுள்ள வேருக்கு மண்ணின் வெப்பம் காப்பாக இருக்கிறது. தொங்கும் வேரைச் சுற்றி உறைபனிக் காற்று மட்டுமே இருக்கிறது. எனவே கடைசி உறைபனி கழிந்த பிறகே வெளியில் மாட்டுவதும், அதற்கு முன் ஒரு வாரம், பத்து நாள் செடியைச் சிறிது சிறிதாக வெளிக்காற்றுக்குப் பழக்குவதும் எந்த வகையானாலும் தவிர்க்க முடியாதவை.

அடியில் நீர்த்தேக்கமும் திரியும் கொண்ட தொட்டிகளும் கிடைக்கின்றன. அடிக்கடி பயணம் செய்கிறவருக்கு அவை உதவும். ஆனால் நீர் கீழிருந்து மேலேறுவதால் உப்பு மேல்மண்ணில் படியும். மாதம் ஒருமுறை மேலிருந்து நிறைய நீர் ஊற்றி அதை வடித்துவிட வேண்டும். மழைக்கால ஈரத்தில் அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஏற்கெனவே நார்க் கூடை வாங்கிவிட்டவர் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. நார் விரிப்பின் உட்புறம் பாலித்தீன் தாளை விரித்து, அடியில் ஐந்தாறு துளைகள் இட்டுக் கலவையை நிரப்பினால் பக்கச் சுவர் வழியான இழப்பு பெரும்பாலும் நின்றுவிடும். வறண்ட ஊரில் மிஞ்சிய இரண்டு கூடைகளை நான் இப்படித்தான் காப்பாற்றினேன். தாளை விளிம்புவரை இழுக்காமல் இரண்டு விரல் அகலம் கீழே நிறுத்தி வெட்டிவிட்டால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நார் மட்டுமே தெரியும்.