வருடக்கணக்காக வார்டில் இருப்பவரின் சமூகச் செயல்பாடு: ஐடியாஸா, வூடாஸா, ரீஹேப்பா?

ஏர்வாடி, கீழக்கரைப் பக்கம் மனநலக் காப்பகத்தில் பல வருடமாக இருப்பவர் எந்த அளவுக்குத் தேறியிருக்கிறார் என்று பார்க்க, பெரும்பாலும் முதலில் கைக்கு வருவது ஐடியாஸ் (IDEAS) என்ற, மனநோயால் வரும் இயலாமையை அளக்கும் அளவுகோல். இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2002-ல் கொண்டுவந்தது. சுயபராமரிப்பு, பிறரோடு பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை என்று நான்கு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4. நோய் வந்து எத்தனை வருடம் என்பதற்குத் தனி மதிப்பெண். மொத்தம் 20-ல் 7 வந்தால் 40 சதவீத இயலாமை, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கிடைக்கும். சான்றிதழுக்கு இதைவிட்டால் வேறில்லை.

முன்னேற்றத்தை அளக்க மட்டும் இதை எடுக்காதீர்கள். பத்து வருடம் தாண்டியவருக்குக் கால மதிப்பெண் நேராக 4. எவ்வளவு தேறினாலும் அது இறங்காது. வீட்டார் சொல்லும் தகவலையும் இது பெரிதும் நம்புகிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கிய விடுதி ஒன்றில் பிடித்த தீயில் 28 பேர் இறந்தபின் ஏர்வாடி விடுதிகளை மூடி, அங்கிருந்தவர்களை அரசுப் பொறுப்பில் எடுத்தார்கள். அப்படி வந்து, தேடிவர ஆளில்லாமல் தங்கிப்போனவரைப் பற்றி யாரிடம் கேட்பது?

வூடாஸ் (WHODAS), அன்றாட வாழ்வில் உள்ள சிரமத்தை அளக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் கேள்வித்தாள். 12 கேள்வி அல்லது 36. கடந்த 30 நாளில் என்ன சிரமம் என்று கேட்கும். வெளியே வாழ்பவருக்கு நல்ல கருவி. வார்டில் சோறு நேரத்துக்கு வருகிறது, துணியை ஆயா துவைக்கிறார். "வீட்டு வேலையில சிரமம் உண்டா?" என்றால் "ஒண்ணுமில்லையே" என்பார். செய்ய வேலையே இல்லாதவருக்குச் சிரமம் எங்கிருந்து வரும்?

ரீஹேப் (REHAB) என்ற மதிப்பீட்டுத் தாள் 1980-களில் பிரிட்டனில், இப்படி நெடுநாள் தங்கியவர்களுக்கென்றே செய்தது. நோயாளியைக் கேட்பதில்லை, ஒரு வாரம் கவனித்த நர்ஸ் குறிக்கிறார். அடிதடி, படுக்கையை நனைப்பது, ஓடிப்போவது போன்ற 7 நடத்தைகளுக்கு 0, 1, 2. மற்ற 16 அம்சங்களுக்கு ஒரு கோடு. அதன்மேல் குறி போட்டால் 0 முதல் 9. இந்த 16-க்கும் சேர்த்து மொத்தம் 144, கூடினால் மோசம். 40 வரை உள்ளவரை வெளியே அனுப்பும் பேச்சைத் தொடங்கலாம். 65-க்கு மேல் கடினம்.

தவறுவது குறிப்பதில்தான். தினமும் சிரித்து வணக்கம் வைப்பவருக்கு எல்லாக் குறியும் நல்ல பக்கமே போய்விடும். படுக்கை நனைந்தது இரவு ஷிஃப்டுக்குத்தான் தெரியும். பகல் நர்ஸ் 0 போட்டுவிடுவார். மாத்திரையால் எச்சில் ஒழுகுவதும் உடம்பு இறுகுவதும் சாப்பாட்டு ஒழுங்கின்மை, சோம்பல் என்று ஏறிவிடும். அதனால் மருந்து மாற்றிய வாரத்தில் அளக்க வேண்டாம். இரண்டு ஷிஃப்டிலிருந்தும் ஆளுக்கொரு தாளில் தனித்தனியாகக் குறிக்கட்டும்.

பணத்தைக் கையாள்வது, பொது வசதிகளைப் பயன்படுத்துவது என்ற இரண்டு அம்சங்கள்தான் எங்கள் பார்வையில் அதிகம் ஏமாற்றுபவை. பாம்பனில் கடல்பாசி எடுத்து வியாபாரியிடம் காசை எண்ணி வாங்கிய பெண்ணுக்கும், பூட்டிய வார்டில் மோசமான மதிப்பெண்தான் விழும். கையில் காசே கொடுத்திருக்க மாட்டார்கள். அளக்கும் வாரத்துக்கு இரண்டு வாரம் முன்பே கைச்செலவுக்குச் சிறு தொகை கொடுத்து, கீழக்கரைக்கு பஸ்ஸில் கூட்டிப்போய் சோப்பு வாங்கச் சொல்லுங்கள். டிக்கெட்டை அவரே கேட்டு எடுக்கட்டும், மீதிச் சில்லறையை அவரே எண்ணட்டும். கூடப்போகும் ஆள் முந்திக்கொண்டு காசை நீட்டக் கூடாது.