நெல்லை வெயிலில் பழைய டிரெய்னருக்குப் புது ஃபிலிம்: பல கோடைகளுக்குப் பிறகு

ஐந்தடி இறக்கை கொண்ட பழைய பால்சா (லேசான மரம்) டிரெய்னருக்கு, அதாவது ஓட்டிப் பழகும் மாடல் விமானத்துக்கு, ஓரகவர் (அயர்ன் சூட்டில் ஒட்டிச் சுருங்கும் ஃபிலிம்) போட்டு, பல கோடையும் சாரலும் பார்த்தாயிற்று. நிறம் மங்கவில்லை. கெட்டதெல்லாம் ஓரங்கள்தான். அதனால் காசைவிட ஓரம் ஒட்டுவதில் கவனத்தைச் செலவழியுங்கள். 2 மீட்டர் ரோல் இரண்டு வாங்கினால் மொத்த விமானத்துக்கும் போதும்.

பழைய ஃபிலிமை அயர்னால் லேசாகச் சூடாக்கி, பின்பக்கமாக மடித்து, மரத்தை ஒட்டிப் படுக்கையாக இழுக்கவும். நிமிர்த்தி இழுத்தால் பால்சா நாரோடு பிய்ந்து வரும். மிஞ்சும் பசையை அசிட்டோன் துணியால் துடைக்கலாம். எஞ்சின் பக்கம் எண்ணெய் ஊறியிருந்தால் அசிட்டோனோடு டால்கம் பவுடரைக் குழைத்துப் பூசி, காய்ந்ததும் தட்டிவிடவும். கறை போகும்வரை திரும்பச் செய்ய வேண்டும். எண்ணெய் உள்ள மரத்தில் எந்த ஃபிலிமும் நிற்காது.

பிறகு 240, கடைசியில் 400 உப்புத்தாள். தூசியை ஒட்டத் துடைக்கவும். ஆடிக்காற்று அடிக்கும் நாளில் ஜன்னலைத் திறந்து வைத்து இந்த வேலையைச் செய்ய வேண்டாம். பின்னால் ஓரம் தூக்குவதற்கு முதல் காரணம் அந்தப் புழுதிதான்.

ஓரகவரை ஒட்ட அயர்ன் 105 டிகிரி, சுருக்க 150 டிகிரி செல்சியஸ் வாக்கில் வேண்டும். மோனோகோட் (இன்னொரு பிராண்டு ஃபிலிம்) என்றால் 120, 175. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் பளபளப்பான அயர்ன் தட்டில் குறைவாகக் காட்டும். தட்டில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் அளந்தால் சரியாக வரும்.

இறக்கையின் அடிப்பக்கம் முதலில், மேல்பக்கம் பிறகு. மேல் ஃபிலிம் அடி ஃபிலிமின்மேல் 5 மில்லிமீட்டராவது ஏற வேண்டும். நாலு ஓரமும் முழுதாக ஒட்டும்வரை நடுவில் சூடு காட்டவே கூடாது. சுருக்கும்போது மேலும் கீழும் மாறி மாறிச் சுருக்கவும். ஒரே பக்கம் இழுத்தால் இறக்கை முறுக்கிக்கொள்ளும். முறுக்கினால் எதிர்ப்பக்கம் திருகிப் பிடித்தபடி சூடாக்கி, ஆறும்வரை விடாமல் பிடித்திருந்தால் நேராகிவிடும்.

நம் ஊருக்கென்று ஒன்று முக்கியம். உச்சி வெயிலில், இறக்கைக்குள் ரிப்புகளுக்கு (குறுக்குச் சட்டங்கள்) நடுவே அடைபட்ட காற்று விரிந்து ஃபிலிமை உப்ப வைக்கும். ஃபிலிம் போடுமுன் ஒவ்வொரு ரிப்பிலும் குண்டூசி அளவு துளை போட்டு, காற்று நடு ரிப் வழியாக வெளியேற வழி விடவும். கறுப்பு, கருநீலம் வேண்டாம். சித்திரையில் மூடிய காருக்குள் விமானத்தை விட்டால் எந்த நிறமும் தொய்யும். தொய்ந்ததைத் திரும்பச் சுருக்கலாம், நகர்ந்த ஓரத்தைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவது பாடு.

தரிசில் இறங்கினால் உடைமுள்ளும் சீமைக்கருவேல முள்ளும் ஓட்டை போடாமல் விடாது. ஓட்டையைச் சுற்றி ஸ்பிரிட்டால் துடைத்து, சுற்றிலும் 10 மில்லிமீட்டர் பெரிதாக வட்டத்துண்டு வெட்டி ஒட்டவும். மூலை இருந்தால் அங்கிருந்தே உரியும். சூடு 105-ஐத் தாண்ட வேண்டாம், அடியிலுள்ள ஃபிலிம் சுருங்கி ஓட்டை பெரிதாகும். வால் பக்கம் ஒட்டு கூடினால், பறக்குமுன் எடை மையத்தைத் திரும்பப் பார்த்துவிடுங்கள்.