ஜெனீவாவில் கட்டுப்படியாகிற அறை: சில வருட அனுபவம்

ஜெனீவாவில் மலிவான ஹோட்டல் எது என்று யாராவது கேட்டால், எந்த வாரம் போகிறீர்கள் என்றுதான் நான் முதலில் திருப்பிக் கேட்பேன். பாரிஸ், ரோம் போன்ற ஊர்களில் சுற்றுலாக் கூட்டம் விலையை ஏற்றும். இங்கே ஏற்றுவது மாநாடுகளும் கண்காட்சிகளும். ஒரு சாதாரண அறை, கட்டிலும் மேசையும் போட்ட பிறகு பெட்டியைத் திறந்து வைக்கக் கட்டிலைத் தவிர வேறு இடம் இருக்காது, அது செவ்வாய்க்கிழமை 220 பிராங்க், அதே அறை அந்த வார ஞாயிறு 110 பிராங்க் என்று இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அறையில் எந்த மாற்றமும் இல்லை, தேதி மட்டும்தான் வேறு.

நான் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் இருக்கிறேன். ஐ.நா. கூட்டங்களுக்காக அவ்வப்போது போக வேண்டியிருக்கும். விமான டிக்கெட் நிறுவனம் போட்டுவிடும், தங்குவதும் சாப்பிடுவதும் தினப்படிக்குள் அடங்க வேண்டும். அந்தப் படி சென்னையில் உட்கார்ந்து கணக்குப் போடும்போது பெரிய தொகையாகத் தெரியும், அங்கே இறங்கி ஒரு வேளை சாப்பிட்டால் நிலைமை புரிந்துவிடும். ஆள் வைத்துச் செய்கிற எதுவும் அந்த ஊரில் விலை அதிகம்தான். 2020 நவம்பரில் மணிக்கு 23 பிராங்க் குறைந்தபட்சக் கூலி என்று அந்த மாநிலம் சட்டமாகவே கொண்டுவந்தது, அதன் பிறகு இன்னும் கூடியிருக்கிறது. அறையைக் கூட்டித் துடைக்கிறவருக்கும் அது போக வேண்டும், போகட்டும், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நம் கையில் இருப்பது தேதியும் இடமும் மட்டும்தான்.

சரி, தேதி. மனித உரிமைப் பேரவை வருடத்துக்கு மூன்று முறை கூடும். பிப்ரவரி கடைசி அல்லது மார்ச்சில் ஆரம்பிக்கிற அமர்வு நீளமானது, அப்புறம் ஜூன்–ஜூலை, அப்புறம் செப்டம்பர்–அக்டோபர். மே மாதம் உலக சுகாதாரப் பேரவை, ஜூனில் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு. இது போதாதென்று விமான நிலையத்தை ஒட்டி பாலெக்ஸ்போ என்று ஒரு கண்காட்சி வளாகம், வசந்த காலத்தில் அங்கே பெரிய கைக்கடிகாரக் கண்காட்சி நடக்கும். அந்த வாரம் வரும் வியாபாரிகளுக்கு 500 பிராங்க் அறை ஒரு பொருட்டே இல்லை, ஆனால் அதன் சூடு கடைசி ஹாஸ்டல் படுக்கை வரை தெரியும். மார்ச் தொடக்கத்தில் மோட்டார் ஷோ இருக்கிறது, அப்போது போகாதீர்கள் என்று பழைய பயணக் குறிப்புகளில் இன்னும் இருக்கும். அந்த ஷோ 2024-உடன் நின்றுவிட்டது. ஆகவே அறை தேடுவதற்கு முன்னால் பாலெக்ஸ்போவின் நிகழ்ச்சி அட்டவணையையும் ஐ.நா. அமர்வுத் தேதிகளையும் ஒருமுறை திறந்து பாருங்கள். பத்து நிமிட வேலை, ஆனால் புக்கிங் தளங்களில் மணிக்கணக்கில் வடிகட்டித் தேடுவதைவிட இதில்தான் அதிகம் மிச்சம் பிடித்திருக்கிறேன்.

பேரவை அமர்வு நடக்கும்போது நம் ஆட்களையும் நிறையப் பார்க்கலாம். ஐ.நா. முன்றலில், ஈழத்தமிழர்கள் முருகதாசன் திடல் என்று அழைக்கும் அந்த இடத்தில், போராட்டத்துக்காகப் பிரான்ஸ், ஜெர்மனி என்று பல நாடுகளிலிருந்து பஸ் பிடித்து வருவார்கள். வந்தவர்களில் பலர் இரவே திரும்பிவிடுவார்கள், இந்த ஊர் அறை வாடகைக்கு அதுதான் தோதாகிறது. இலங்கையிலிருந்து சாட்சி சொல்ல வருகிறவர்களால் அப்படித் திரும்ப முடியாது, அவர்களை நினைத்துத்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கூட்டத் தேதியை நம்மால் மாற்ற முடியாது, ஆனால் அதன் ஓரங்களைக் கொஞ்சம் நகர்த்தலாம். வேலைக்காக வருகிறவர்கள் வெள்ளி மாலை கிளம்பிவிடுவார்கள், வெள்ளி, சனி, ஞாயிறு இரவுகளில் நகரத்துக்குள்ளேயே நல்ல அறைகள் விலை இறங்கிக் கிடக்கும். திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு ஞாயிறு நள்ளிரவு போய் இறங்காமல் சனிக்கிழமையே போய்விடுவேன். விமான டிக்கெட்டும் பல நேரம் குறையும், தூக்கமும் சரியாகும். திங்கள் முதல் வியாழன் வரைதான் சிக்கல். அந்த நான்கு இரவுகளுக்கு மட்டும் வேறு இடம் மாறுவது பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலையும் தொல்லை என்றாலும், கணக்குப் பார்த்தால் ஒரு வார சாப்பாட்டுச் செலவு மிஞ்சும்.

நகரத்துக்குள் தங்கினால் ஒரு பெரிய லாபம், பயண அட்டை. ஹோட்டல், ஹாஸ்டல், முகாம் தளம் எதில் தங்கினாலும் தங்கும் நாட்களுக்கு பஸ், டிராம், நகர எல்லைக்குள் ஓடும் ரயில், ஏரியைக் கடக்கும் சின்ன மஞ்சள் படகு வரை எல்லாம் இலவசம். இப்போது மின்னஞ்சலில் இணைப்பு வந்துவிடுகிறது, ஊர் வந்து இறங்கும்போதே போனில் இருந்தால் விமான நிலையத்திலிருந்து வரும் ரயிலுக்கும் செல்லும். ஒரு டிக்கெட் 3 பிராங்க் என்றால் தினமும் நாலு முறை ஏறி இறங்குகிறவருக்கு என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். முன்பதிவு செய்த இடத்திலிருந்து அந்த மின்னஞ்சல் வரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. இரவு தங்குவதற்கு நீங்கள் கட்டும் சுற்றுலா வரியோடு சேர்ந்து வருவதுதான் அது.

இடங்கள் என்று எடுத்தால், தனியாகப் போகிறவர்களுக்கு ரூ ரோத்ஷில்டில் இருக்கும் ஜெனீவா ஹாஸ்டல், கோர்னவன் ரயில் நிலையத்துக்குக் கொஞ்சம் பின்னால் இருக்கும் சிட்டி ஹாஸ்டல், இரண்டும் நியாயமானவை. சிட்டி ஹாஸ்டலில் சமையலறை உண்டு, எனக்கு அது கட்டிலைவிட முக்கியம். அடுத்து, பழைய நகரத்தின் ஓரத்தில் பெல் எஸ்பெரான்ஸ் என்று ஒரு ஹோட்டல், சால்வேஷன் ஆர்மியுடையது, ஆடம்பரம் எதுவும் கிடையாது, சுத்தம், அமைதி. பெண்கள் தனியாகப் போனால் நான் முதலில் சொல்வது இதைத்தான். கிராண்ட் சக்கோனேவில் ஜான் நாக்ஸ் மையம் இருக்கிறது, திருச்சபை சார்ந்தது, ஆனால் எல்லோரையும் ஏற்றுக்கொள்வார்கள், மரங்களுக்கு நடுவே எளிமையான அறைகள், ஐ.நா. பக்கமும் உலக சுகாதார நிறுவனத்தின் பக்கமும் போக வசதி. கோடையில் மாணவர்கள் ஊருக்குப் போன பிறகு சாம்பெல் பகுதியில் இருக்கும் பல்கலைக்கழக விடுதியிலும் குறுகிய காலத்துக்கு அறை கிடைப்பதுண்டு. இந்த இடங்களுக்கெல்லாம் புக்கிங் தளத்தில் 'இடமில்லை' என்று வந்தாலும் நேரே மின்னஞ்சல் அனுப்பிப் பாருங்கள். தொண்டு நிறுவனப் பிரதிநிதியாகப் போகிறீர்கள் என்றால் காகி என்று சுருக்கமாக அழைக்கப்படும் வரவேற்பு மையம் இருக்கிறது, தங்குமிடம் தேடவும் உதவுவார்கள். இதைப் பற்றி நம் ஊரிலிருந்து போகிறவர்களில் பலருக்குத் தெரியவே தெரியாது, அது எனக்கு ரொம்ப வருத்தம்.

பாக்கீ பகுதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ரயில் நிலையத்துக்கும் ஏரிக்கும் நடுவே, எல்லா நாட்டுச் சாப்பாடும் கிடைக்கும், அறைகள் ஓரளவு விலை குறைவு, எனக்குப் பிடித்த பகுதியும் அதுதான். ஆனால் ரூ த பெர்ன் தெருப் பக்கம் ஜன்னல் இருந்தால் தூக்கம் கிடையாது. ஒரு ஜூன் மாதம் அங்கே ஒரு ஹோட்டலில், பெயர் வேண்டாம், இரண்டாவது மாடியில் தெருவைப் பார்த்த அறை கொடுத்தார்கள். ஏசி இல்லை. ஜெனீவாவில் குளிர்சாதனம் பொருத்துவதற்கே கட்டுப்பாடு அதிகம், மலிவான இடங்களில் அநேகமாக இருக்காது. ஜன்னலை மூடினால் வேர்த்துக் கொட்டுகிறது, திறந்தால் கீழே மதுக்கடை வாசலில் பேச்சும் சிரிப்பும், மூன்று மணிக்கு மேல் கண்ணாடி பாட்டில்களைக் குப்பைத் தொட்டியில் கொட்டும் சத்தம். காலையில் வேறு அறை கேட்டேன், வரவேற்பில் இருந்தவர் விலைக்கேற்ற அறை என்று முகத்தைப் பார்க்காமலே சொன்னார். அது தவறான பதில். 150 பிராங்க் கொடுத்தவருக்குத் தூங்க ஒரு இடம் வேண்டும், அவ்வளவுதான். இப்போதெல்லாம் முன்பதிவு செய்த அன்றே முற்றத்தைப் பார்த்த அறை, மேல் மாடி என்று எழுதிவிடுகிறேன், பெரும்பாலும் கொடுத்துவிடுகிறார்கள். கோடையில் மேஜை மின்விசிறி ஒன்றையும் சேர்த்துக் கேளுங்கள்.

இனி எல்லை தாண்டித் தங்குவது. ஜெனீவாவை மூன்று பக்கமும் பிரான்ஸ் சூழ்ந்திருக்கிறது, தினமும் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கிருந்து வேலைக்கு வந்து போகிறார்கள். 2019 டிசம்பரில் லேமான் எக்ஸ்பிரஸ் ரயில் ஓட ஆரம்பித்த பிறகு அன்மாஸ் ஊர் நிஜமாகவே பக்கமாகிவிட்டது, கோர்னவனிலிருந்து இருபது நிமிடச் சொச்சம். அங்கே ஐபிஸ் பட்ஜெட், பி அண்ட் பி போன்ற சாதாரணச் சங்கிலி ஹோட்டல்களில் 70, 80 யூரோவுக்கு அறை கிடைத்திருக்கிறது, அதே வாரம் ஜெனீவாவில் 200 பிராங்குக்குக் கீழே ஒன்றும் இல்லை. ஐ.நா. போகிறவர்கள் கோர்னவனில் இறங்கி டிராம் மாற வேண்டியதில்லை, கொப்பே வரை போகும் ரயிலாகப் பார்த்து ஏறினால் சேஷெரோன் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம்.

ஆனால் இலவசப் பயண அட்டை அந்தப் பக்கம் கிடையாது. எல்லை தாண்டும் டிக்கெட் உள்ளூர் டிக்கெட்டைவிட விலை கூடியது. இதற்கு ஒரு வழி உண்டு. கையார் ஊரில் மொய்சுலா எல்லையை ஒட்டி அறை பார்த்தால், காலையில் நடந்தே எல்லையைத் தாண்டி ஸ்விஸ் பக்க நிறுத்தத்தில் டிராம் ஏறலாம், உள்ளூர் டிக்கெட் போதும். எங்கள் அலுவலகத்துத் தம்பி ஒருவன் முதல்முறை என்னோடு வந்தபோது, "அண்ணா, பாஸ்போர்ட்டைக் கையில எடுத்து வச்சுக்கவா, முத்திரை குத்துவாங்களா?" என்று கேட்டான். ஒரு பழைய சுங்கச் சாவடி, கூரை, பக்கத்தில் ஒரு ரொட்டிக் கடை, அவ்வளவுதான், யாரும் நிறுத்தவில்லை. இருந்தாலும் எப்போது வேண்டுமானாலும் சோதிக்கலாம், பாஸ்போர்ட் பையில் இருக்கட்டும். இன்னொரு பிரெஞ்சு எல்லை ஊரான ஃபெர்னே-வோல்தேர் பக்கம் பஸ்தான், காலை நெரிசலில் எல்லையில் மாட்டிக்கொண்டால் ஒன்பது மணிக் கூட்டம் போய்விடும், அதனால் அதை நான் அதிகம் பரிந்துரைப்பதில்லை.

என் கணக்கு இதுதான்: இரண்டு பேர் ஒரு அறையைப் பகிர்ந்துகொண்டு நாலைந்து இரவுக்கு மேல் தங்குவதென்றால், அதுவும் பெரிய மாநாட்டு வாரம் என்றால், பிரான்ஸ் பக்கம் லாபம். ஒரு ஆள், இரண்டு இரவு, மாலைக் கூட்டங்கள் எட்டு ஒன்பது மணி வரை இழுக்கும் என்றால் நகரத்துக்குள் ஹாஸ்டலே போதும்.

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் இங்கே விசாவையும் யோசிக்க வேண்டும். ஸ்விட்சர்லாந்து, பிரான்ஸ் இரண்டும் ஷெங்கன் நாடுகள், ஒரே விசாவில் போய் வரலாம், பிரச்சினை அதுவல்ல. பயணத்தின் நோக்கமோ நாட்களோ எந்த நாட்டில் முக்கியமோ அந்த நாட்டுத் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். கூட்டம் ஜெனீவாவில், படுக்கை முழுக்கப் பிரான்ஸில் என்று காகிதம் காட்டினால் கேள்வி வரும். அழைப்புக் கடிதத்தோடு, பக்கத்து நகரம் என்பதால் அங்கே தங்குகிறேன் என்று இரண்டு வரி விளக்கக் கடிதமும் வைத்து ஸ்விட்சர்லாந்துக்கே விண்ணப்பியுங்கள்.

சாப்பாட்டைச் சேர்க்காமல் அறைக் கணக்கு முடியாது. ஹோட்டல் காலை உணவுக்குத் தனியாக 18, 20 பிராங்க் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மிக்ரோஸ், கோப் கடைகளில் தயிர், ரொட்டி, பழம் வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிறு எல்லாம் மூடியிருக்கும், கோர்னவன் நிலையத்திலும் விமான நிலையத்திலும் இருக்கும் கடைகள் மட்டும் திறந்திருக்கும். சமையலறை உள்ள இடமாக இருந்தால் ஈழத்தமிழர் நடத்தும் மளிகைக் கடைகளில் அரிசி, பருப்பு, தேங்காய்ப்பால் எல்லாம் கிடைக்கும், ஒரு குக்கர் சாதத்தில் இரண்டு நாள் ஓட்டிவிடலாம். அறையில் கெட்டில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். குழாய்த் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம், பாட்டிலுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

மற்றபடி சில்லறை விஷயங்கள். ஸ்விஸ் பிளக் தனி வகை, மெல்லிய இரண்டு முள் சார்ஜர் போகும், நம் ஊர் மூன்று முள் போகாது, ஜெர்மனியில் புழங்கும் தடிமனான பிளக்கும் போகாது. ஐரோப்பா முழுக்கச் செல்லும் என்று விற்கும் சிம் பலவற்றில் ஸ்விட்சர்லாந்து இருக்காது, வாங்கும்முன் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா பாருங்கள், எல்லை ஓரம் தங்கினால் போன் இரண்டு நாட்டுக்கும் தாவிக்கொண்டே இருக்கும். கார்டு தேய்க்கும்போது ரூபாயில் வேண்டுமா பிராங்கில் வேண்டுமா என்று இயந்திரம் கேட்டால் பிராங்க் என்று அழுத்துங்கள். கட்டணம் திரும்பக் கிடைக்கும் வகையிலேயே அறையைப் பதிவு செய்யுங்கள், கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை, விசா தாமதமாகிக் கூட்டமே கைவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும், திரும்பத் தராத அறைக்குக் கட்டிய பணம் அவர்கள் சொந்தப் பணம். போவதற்கு இரண்டு வாரம் முன்பு அதே ஹோட்டலின் விலையை மறுபடி பாருங்கள். மாநாட்டுக்காக மொத்தமாகப் பிடித்து வைத்த அறைகளை அந்தச் சமயத்தில் விட்டுவிடுவார்கள், விலை இறங்கியிருந்தால் புதிதாகப் போட்டுவிட்டுப் பழையதை ரத்து செய்யலாம்.