வெள்ள வரைபடத்துக்கு யாரிடம், எப்படிக் கேட்பது? ராமநாதபுரம் கடற்கரையை வைத்து ஓர் ஒப்பீடு

ராமேஸ்வரம் தீவில் ஆறு கிடையாது. ஆனாலும் 2024 நவம்பர் 20 அன்று அங்கே ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தெருவும் வீடும் தண்ணீரில் நின்றன. ஆறு கரைபுரண்டால் எது மூழ்கும் என்று மட்டும் கணக்குப் போடும் வழக்கமான வரைபடத்தில் இந்தத் தீவைத் தேடினால் அபாய நிறமே தெரியாது. ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் போனால் பயமெல்லாம் கண்மாய் உடைப்பும், அது நிரம்பி வழியும் மறுகால் தண்ணீரும்தான். மூக்கையூர்ப் பக்கம் குண்டாறு கடலில் சேர்கிறது. தேவிபட்டினம், தொண்டிக் கரையில் வாடைக்காற்று கடலைத் தள்ளிக்கொண்டு வந்து ஓடை வாயை அடைத்துவிட்டால், மழைத்தண்ணீர் வடிய வழியில்லாமல் ஊருக்குள்ளேயே கிடக்கும்.

அதனால், இணையத்தில் வெள்ளப்பகுதி வரைபடம் செய்ய நினைப்பவர்கள் கணினியைத் திறக்கும் முன் ஊருக்குள் போக வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. எப்படிப் போவது என்பதில்தான் ஆளுக்கு ஒரு கட்சி. இந்த மாதிரி வேலைகளில் கூடமாட நின்றவன் என்ற முறையில் என் கணிப்பைச் சொல்கிறேன்.

முதல் வழி இணையப் படிவம். அது மலிவு. இணைப்பை வாட்ஸ்அப் குழுக்களில் போட்டுவிட்டால் பதில்கள் தானாக வந்து சேரும். பதில் போட்டவர்கள் யார் என்று பார்த்தால் படித்த இளைஞர்கள், ஆசிரியர்கள், கடைக்காரர்கள். கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களும் உப்பளத்தில் வேலை செய்பவர்களும் அந்தப் பட்டியலில் இருக்கமாட்டார்கள். ‘என்னென்ன வசதி வேண்டும்?’ என்று கேட்டால், இருக்கிற கட்டம் எல்லாவற்றிலும் டிக் விழும். அதை வைத்து எதை முதலில் செய்வது என்று முடிவெடுக்க முடியாது.

ஆனால் ஒரு கூட்டத்தை எட்டிப் பிடிக்கப் படிவத்தை விட்டால் வழியில்லை. கீழக்கரை, பெரியபட்டினம்காரர்கள் துபாயிலும் மலேசியாவிலும் இருந்துகொண்டு ஊரில் மனை வாங்குகிறார்கள். அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்று: இந்த சர்வே நம்பரில் தண்ணீர் நிற்குமா, நிற்காதா? இணையத்தில் பட்டா பார்க்க மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்துப் பழகியவர்கள் அவர்கள். வெள்ள வரைபடமும் அதே வரிசையில் திறந்தால் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தெருப் பெயரையும் கதவு எண்ணையும் கேட்கும் தேடல் பெட்டியை வைத்தால், பாதிக் கிராமத்துக்கு விடையே வராது.

அடுத்தது கூட்டம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. ஆள் திரட்டும் வேலை மிச்சம், பதிவேட்டில் ஏறும், பிற்பாடு ‘எங்களைக் கேட்கவே இல்லை’ என்ற பேச்சும் வராது. பாம்பன், தங்கச்சிமடம் போன்ற ஊராட்சிகளுக்கு இது சரி. நகராட்சிகளான ராமேஸ்வரத்துக்கும் கீழக்கரைக்கும், பேரூராட்சிகளான மண்டபத்துக்கும் தொண்டிக்கும் கிராம சபை கிடையாது. அங்கே வார்டு அளவில்தான் ஆளைக் கூட்ட வேண்டும்.

கூட்டத்தின் உண்மையான சிக்கல் வேறு. அதிகாரி முன்னால் ‘உங்கள் தெருவில் தண்ணீர் வருமா?’ என்று கேட்டால் பதில் இரண்டு பக்கமும் சாயும். நிவாரணம் வரும் என்று நினைப்பவர் இடுப்பளவு என்பார். வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவார்களோ, மனை விலை விழுந்துவிடுமோ என்று நினைப்பவர் சொட்டுத் தண்ணீர்கூட வந்ததில்லை என்பார். கரையோரக் குப்பத்தில் இந்த இரண்டாவது பயம் ஆழமானது. அது நியாயமான பயமும்கூட. கரையை விட்டு எழுப்பினால் தொழில் போய்விடும் என்று அவர்களுக்குத் தெரியும். வரைபடத்தை யார் பார்ப்பார்கள், எதற்குப் பயன்படுத்தமாட்டார்கள் என்று முதலிலேயே எழுத்தில் சொல்லாமல் கேள்வி கேட்பவர்களை நான் ஆதரிக்கமாட்டேன்.

மூன்றாவது, ஊர்க்காரர்களோடு நடப்பது. நேரம் தின்னும், ஆனால் நான் முதலிடம் தருவது இதற்குத்தான். அறைக்குள் உட்கார்ந்து ‘வெள்ளம் எப்படி?’ என்று கேட்டால் பொதுவாகப் பேசுவார்கள். வீட்டு வாசலில் நின்று ‘போன தடவை தண்ணி வந்தப்ப முதல்ல என்ன பண்ணீங்க?’ என்று கேட்டால் வரும் பதிலே வேறு. கருவாட்டு வியாபாரம் செய்யும் அக்கா ஒருவர் சுவரில் உப்புப் பூத்த கோட்டைக் கையால் தடவிக் காட்டினார். முட்டுக்காலுக்குச் சற்று மேலே இருந்தது. “எம்புட்டு ஒசரம் வரும்னு இந்தச் செவரே சொல்லுது தம்பி. ராத்திரி வருமா பகல்ல வருமா, அதச் சொன்னாத்தான மூட்டைய நகட்டலாம்? நகட்டி எங்கிட்டு வைக்க? அதுக்கு ஒரு மேடான எடத்தக் காட்டு” என்றார்.

அந்த ஒரு பேச்சுக்குள் மூன்று தேவை இருக்கிறது. எத்தனை உயரம் என்பதை வரைபடம் சொல்லும். மேட்டையும் சொல்லலாம், மூழ்கும் இடத்தை மட்டும் நீலமாக்கிவிட்டு, மூழ்காத பள்ளிக்கூடத்தையும் அதற்குப் போகும் பாதையையும் குறிக்காமல் விடுகிற வரைபடம் அவருக்கு உதவாது. எந்நேரம் என்பது மட்டும் இதற்குள் அடங்காது. அது வானிலை மையமும் கடல் எச்சரிக்கை தரும் ஹைதராபாத் இன்காய்ஸும் சொல்ல வேண்டியது. அந்த எச்சரிக்கைக்குப் போகும் வழியை வரைபடத்தின் முகப்பிலேயே வைக்கலாம்.

நடப்பதில் இன்னொரு லாபம், சுவர்க்கோடுகளே அளவாகிவிடும். இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயரத் தரவு 30 மீட்டர் கட்டங்களாக வருகிறது. அதன் உயரக் கணக்கில் சில மீட்டர் பிழை இருக்கும். கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்திலேயே இருக்கும் கரையில், பிழையே வெள்ளத்தைவிடப் பெரிது. நாலு தெருவில் நாலு சுவர்க்கோட்டை அளந்து வந்தால் அந்தத் தரவைச் சரிபார்க்க ஒரு பிடி கிடைக்கும்.

நான்காவது வழி, அரைகுறையாக ஒரு வரைபடம் போட்டுக் கையில் கொடுத்துப் பார்ப்பது. மூன்றாவதுக்கு உண்மையான போட்டி இதுதான். இல்லாத ஒன்றைப் பற்றி யாராலும் சரியாகக் கேட்க முடியாது. இருப்பதைத் திருத்தச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் பத்துத் தவறு காட்டுவார்கள். ‘100 ஆண்டு வெள்ளம்’ என்ற குறிப்பை எடுத்துக்கொள்வோம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் அழித்த கதை இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. அந்தக் குறிப்பைப் பார்ப்பவர் ‘அப்படீன்னா அடுத்தது 2064-ல்’ என்று கணக்குப் போடுவார். அதன் பொருளோ ஒவ்வொரு ஆண்டும் 100-ல் ஒரு வாய்ப்பு என்பது. 30 வருட வீட்டுக்கடன் முடிவதற்குள் ஒரு தடவையாவது வர ஏறத்தாழ நாலில் ஒரு வாய்ப்பு. அந்த வாக்கியத்தையே நிறக்குறிப்பில் எழுதிவிடலாம். ஆழத்துக்கும் மீட்டர் கணக்கோடு கரண்டைக்கால், முட்டுக்கால், இடுப்பு என்று ஆள் படம் போட்டால், எழுத்துக்கூட்டிப் படிப்பவரும் புரிந்துகொள்வார்.

இதன் ஆபத்து, வரைந்தவரின் எண்ணமே கேள்வியாகிவிடுவது. ஆற்று வெள்ளத்தை மட்டும் வரைந்து கொண்டுபோனால் நிறத்தையும் எழுத்து அளவையும்தான் திருத்துவார்கள். ராமேஸ்வரத்து மழைத்தண்ணீர் பேச்சிலேயே வராது. நடையை முதலில் வைக்கச் சொல்வது இதனால்தான்.

அலுவலகத் தரப்புக்கு இத்தனை பாடு வேண்டாம். நீர்வளத் துறைப் பொறியாளர், வட்டாட்சியர், கிராம நிர்வாக அலுவலர் ஆகியோரைத் தனித்தனியாகப் பார்த்து, போன மழையில் எந்தக் காகிதத்தைத் தேடி அலைந்தீர்கள் என்று கேட்டாலே போதும். பாம்பனில் மீனவர்களுக்காக நடக்கும் ‘கடல் ஓசை’ 90.4 போன்ற சமுதாய வானொலி வழியாகக் கேட்பதையும் சேர்த்துக்கொள்வேன். கடலுக்குப் போய்விட்டு எந்த நேரத்திலோ திரும்பும் ஆட்களைக் கூட்டத்துக்கு அழைப்பதைவிட அது எளிது.

கையில் இருக்கும் பணத்தில் பாதிக்கு மேல் நடைக்கு ஒதுக்குங்கள். அதைத் தை, மாசியில் வைத்துக்கொள்வது நல்லது. வடகிழக்குப் பருவமழை முடிந்து, சுவரைச் சுண்ணாம்பு அடித்து மறைப்பதற்குள் போய்விட வேண்டும். ஆடிக்குள் அரைகுறை வரைபடம் கைக்கு வரட்டும், ஆகஸ்ட் 15 கிராம சபையில் எல்லார் முன்னும் விரித்துவைக்கலாம். படிவம் கடைசியில், வந்து சேர்ந்த தேவைகளில் எது முந்தி என்று வரிசைப்படுத்த மட்டும். ஐப்பசி மழைக்கு முன் திறக்காவிட்டால் இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டியிருக்கும்.