ஐந்து காசுப் பைக்குக் கணக்கு உண்டு, அரிசிக்கு?

பேரங்காடிகளைப் பதில் சொல்ல வைக்க நம் சிங்கப்பூர் அரசாங்கம் எடுத்த இரண்டு வழிகளை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். ஒன்று சுற்றுச்சூழலுக்காக வந்தது, மற்றது விலைவாசிக்காக.

பிளாஸ்டிக் பைக் கட்டணம் 2023 ஜூலை 3ஆம் தேதி தொடங்கியது. ஆண்டு விற்பனை 100 மில்லியன் வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) தாண்டும் பேரங்காடிகள் ஒரு பைக்குக் குறைந்தது 5 காசு வாங்க வேண்டும். அதோடு, எத்தனை பை கொடுத்தோம், எவ்வளவு பணம் சேர்ந்தது, அதை என்ன செய்தோம் என்றும் வெளியிட வேண்டும். இந்த இரண்டாவது கடமைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. யாரும் புகார் கொடுக்காமலே கணக்கு வெளியே வருகிறது.

விலைவாசிக்காக வந்தது வேறு ஏற்பாடு. ஜிஎஸ்டி 2023இல் 8 விழுக்காடாகவும் 2024இல் 9 விழுக்காடாகவும் ஏறியது. வரியைச் சாக்காக வைத்து விலையேற்றும் கடைகளை விசாரிக்க 2022இலேயே ஒரு குழு அமைத்தார்கள். ஆனால் பெரும்பாலும் நாம் புகார் கொடுத்தால்தான் விசாரணை.

அங்கேதான் சிக்கல். வரிக்கு முன் 20 வெள்ளியாக இருந்த பொன்னி அரிசி, 8 விழுக்காட்டில் 21.60, 9 விழுக்காட்டில் 21.80. வரியால் ஏற வேண்டியது 20 காசுதான். எங்கள் வட்டாரக் கடையில் அதைவிடக் கூடுதலாகவே ஏறியது. "எல்லாம் வரிதான்" என்று அம்மா பெருமூச்சு விட்டார். வரி மட்டும்தானா? 2023 ஆகஸ்டில் இந்தியா புழுங்கல் அரிசி ஏற்றுமதிக்கு 20 விழுக்காடு தீர்வை போட்டிருந்தது. அதில் எவ்வளவு, கடையின் லாபம் எவ்வளவு என்று ரசீதைப் பார்த்துச் சொல்ல முடியுமா? பழைய ரசீதையே யார் வைத்திருக்கிறார்கள்? அம்மா புகார் கொடுக்கவில்லை.

பைகளைப் போலவே விலைக்கும் பேரங்காடிகள் தாமே கணக்கு வெளியிட வேண்டும் என்கிறேன். அப்படி விலை விவரங்களை வெளியிட்டால் வியாபாரிகள் கூடிப் பேசி ஒரே விலை வைப்பார்கள் என்ற அச்சம் நியாயமானது. 2018இல் 13 கோழி விநியோகிப்பாளர்களுக்கு அதற்காகவே ஏறக்குறைய 27 மில்லியன் வெள்ளி அபராதம் விதித்தார்கள். சரி, கொள்முதல் விலை வேண்டாம். அலமாரியில் எல்லாரும் பார்க்கும் விலையில் என்ன ரகசியம் இருக்கிறது?

சட்டத்தால் கட்டாயமாவதற்கும் அப்படி இல்லாததற்கும் உள்ள வேறுபாடு அரசாங்கத்தின் சொந்த இலக்குகளிலும் தெரிகிறது. கரிம வெளியேற்றத்துக்கான கரிம வரி சட்டத்தில் இருக்கிறது: டன்னுக்கு முதலில் 5 வெள்ளி, 2024இல் 25, 2026இல் 45. ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை 2030க்குள் இங்கேயே விளைவிப்போம் என்றது 2019இல் வந்த அறிவிப்பு. 2025 நவம்பரில் அதைக் கைவிட்டு 2035க்குப் புது இலக்கு வைத்தார்கள். காரணத்தை வெளிப்படையாகச் சொன்னதை மதிக்கிறேன். ஆனாலும் சட்டத்தில் இருப்பதை அவ்வளவு எளிதாக மாற்ற முடியாது.

அதனால் என் ஓட்டு, பைகளுக்குக் கணக்கு வெளியிடும் வழிக்குத்தான். அரிசி, எண்ணெய், முட்டை, பருப்பு, பால்மாவு: இந்த ஐந்துக்கும் வரி உயர்வுக்கு முந்தைய விலையையும் பிந்தைய விலையையும் பெரிய பேரங்காடிகள் கட்டாயம் வெளியிடட்டும். அடுத்த முறை வரி ஏறும் முன்பே அது சட்டமாக வேண்டும்.