ஓட்டை விழுந்த ஷூவும் 36 புள்ளி முன்னிலையும்

2018, நியூயார்க். ஜனநாயகக் கட்சி தன் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தல்கள்.

ஜூனில் எம்.பி. ஜோ க்ராவ்லி. அவர் தரப்பே எடுத்த கணிப்பில் 36 புள்ளி முன்னிலை. ஜெயித்ததோ அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ். அடியில் ஓட்டை விழும்வரை ஷூ தேய வீடு வீடாக ஏறி இறங்கியவர். ஆனால் அது ஒரே தொகுதி, சுமார் 17,000 வாக்கே போதுமாக இருந்தது. என்னைக் கேட்டால், இந்த அளவைத் தொண்டர்கள் நடந்தே திரட்டிவிடலாம். கணிப்பு தடுமாறுவதும் இங்கேதான்.

செப்டம்பரில் ஆளுநர் பதவிக்கு சிந்தியா நிக்சன். அதே உற்சாகம், போதாததற்கு டிவி நட்சத்திரம் வேறு. சியனா கல்லூரியின் கணிப்பு அப்போதைய ஆளுநர் கியோமோவுக்கு 63 சதவீதம், நிக்சனுக்கு 22 என்றது. மாநிலம் முழுக்க 15 லட்சம் பேர் வாக்களிக்கும்போது எத்தனை கதவைத்தான் தட்டுவது? நிக்சன் 22-லிருந்து 34-க்கு ஏறினார், அவ்வளவுதான்.